உப்பைக் கழுவும் நீர்

தூத்துக்குடியிலிருந்து எட்டயபுரம், பந்தல்குடி வழியாக அருப்புக்கோட்டையைத் தொட்டு மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கோடைநாளில் சற்று நேரம் நின்று பார்த்தவர்கள் உப்பு லாரிகளைக் கண்டிருப்பர். தார்ப்பாய் போர்த்திக் கட்டிய பாரம். அதன் அடியிலிருந்து சொட்டும் உவர்நீர். பின்சக்கரங்களின் மேலே காய்ந்து வெளுத்த கோடுகள். வடகிழக்குப் பருவமழை இறங்கும் வரை உப்பளங்களுக்கு ஓய்வில்லை, லாரிகளுக்கும் இல்லை. பாரத்தை இறக்கிய பின்பும் வண்டி உப்பைச் சுமந்துகொண்டுதான் வீடு திரும்புகிறது.

நம் தெருவில் ஒற்றை லாரியை வைத்துக் குடும்பம் நடத்தும் ராவுத்தர் ஒருவர் இருக்கிறார். உப்பு நடை முடிந்து வந்ததும், வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரால் வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவுவது அவர் வழக்கம். அந்த நீரை வாயில் வைக்க முடியாது. 'உப்புத் தண்ணீர்' என்பதுதான் நம் பக்கத்தில் அதற்குப் பெயரே. 'நல்ல தண்ணீர்' என்பது வேறு. அது வைகையிலிருந்தும் தாமிரபரணியிலிருந்தும் குழாய் வழியே வருவது. முறை வைத்து வருவது. வராத நாளில் குடம் இவ்வளவென்று விலை கொடுத்து வாங்குவது.

கனடாவில், டொராண்டோ நகரில் வேலை பார்க்கும் அவருடைய மகன் தொலைபேசியில் ஒரு செய்தி சொன்னான். பனிக்காலத்தில் அங்கே சாலையில் உறையும் பனியை இளக்க உப்பைத் தூவுகிறார்கள். அந்த உப்பு காரின் அடியில் அப்பிக்கொண்டு இரும்பைத் தின்கிறது. ஆகவே கடுங்குளிரிலும் வண்டியின் அடிப்பாகத்தை அடிக்கடி கழுவுவது அவ்வூர் வழக்கம். "உப்புத் தண்ணீரை விட்டு உப்பைக் கழுவினால் போகுமா அத்தா? கடைசியில் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள்" என்றான்.

மறுநாள் ராவுத்தர் அடுப்படிக் குடங்களில் கை வைத்தார். அவர் மனைவி மறித்தார்.

"குடிக்கிற தண்ணியையா வண்டிக்கு ஊத்தப் போறீங்க? அல்லாஹ் கேக்க மாட்டானா?"

"பிரேக் குழாய் அரிச்சுப் போயி வண்டி நாலு பேர் மேல ஏறினா, அதை அல்லாஹ் கேக்க மாட்டானா?"

இரு கேள்விகளும் தெருவில் கேட்டன. இரண்டும் அல்லாஹ்வை முன்னிறுத்தியே எழுந்தவை என்பதால், இவற்றை வீட்டுச் சண்டையென்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

முதலில் மகன் சொன்னதை நிறுத்துப் பார்ப்போம். அது பாதி உண்மை. இரும்பு துருப்பிடிக்க ஈரமும் காற்றும் வேண்டும். உப்பு கரைந்த ஈரத்தில் அந்த வேலை பன்மடங்கு விரைவாக நடக்கும். நம் கரிசல் வெயிலில் பகலெல்லாம் உப்பு காய்ந்து கிடக்கிறது. அப்போது அது அதிகம் கெடுப்பதில்லை. ஆனால் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவிகிதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். பின்னிரவில் நாம் உறங்கும்போது அது விழித்துக்கொள்கிறது. ஆகவே கழுவத்தான் வேண்டும். ஆனால் கிணற்று உவர்நீர் வேறு, லாரியில் அப்பியிருக்கும் உப்பு வேறு. உவர்நீரில் லிட்டருக்குச் சில கிராம் உப்பிருந்தால் அதிகம்; அதே ஒரு லிட்டர் நீர் 350 கிராம் வரை உப்பைக் கரைத்துக்கொண்டு போக வல்லது. உப்புத் தண்ணீரும் பெரும்பகுதி உப்பைக் கழுவிவிடும். எஞ்சுவது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் குடத்தில் கை வைக்கலாமா என்பது கேள்வி.

இதற்கு விடை தேடும்போது நம் ஃபிக்ஹு நூல்கள் எவ்வளவு நுட்பமாகத் தண்ணீரை அளந்து வைத்திருக்கின்றன என்று வியக்காமல் இருக்க முடியாது. பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' நீரில், அதாவது இரு கை சேர்த்து அள்ளும் அளவு நீரில், ஒளுச் செய்தார்கள் என்பது ஹதீஸ். இன்று நம் பள்ளிவாசல் குழாயடியில் ஒருவர் ஒளுச் செய்து எழுவதற்குள் எத்தனை முத் ஓடுகிறது என்பதை எண்ணிப் பார்க்க நமக்கே கூச்சமாயிருக்கிறது.

அது கிடக்கட்டும். பயணத்தில் கையிருப்பு நீர் குடிப்பதற்கு வேண்டியிருந்தால், ஒளுவை விட்டுத் தயம்மும் செய்யலாம் என்பது சட்டம். தனக்கு மட்டுமன்று, உடன் வருபவரின் தாகத்துக்கும், கூட வரும் பிராணியின் தாகத்துக்கும் அதே சலுகை. இறைவன் முன் நிற்பதற்கான தூய்மையே ஓர் ஒட்டகத்தின் தாகத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது! வழிப்போக்கர் குடிப்பதற்கென்று வைத்த நீரில் ஒளுச் செய்யலாகாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். இந்த அளவுகோலின்படி ராவுத்தரின் மனைவி கேட்டதே சரி என்று தோன்றும்.

ஆனால் ஹனபி நூல்கள் ஒரு படி மேலே செல்கின்றன. ரொட்டிக்கு மாவு பிசைய வேண்டிய நீரும் தாகத்துக்கான நீரைப் போன்றதே. அதற்காகவும் தயம்மும் செய்யலாம். ஆணம் காய்ச்ச வேண்டிய நீருக்கோ அந்தச் சலுகை இல்லை. ரொட்டி இல்லாவிட்டால் பசி. ஆணம் இல்லாவிட்டால் ருசிக் குறைவு, அவ்வளவுதான். ஒரே அடுப்படியில், ஒரே குடத்து நீரில், எத்தனை நேர்த்தியாகக் கோடு கிழித்திருக்கிறார்கள்!

லாரிக்கு ஊற்றும் நல்ல தண்ணீர் மாவா, ஆணமா? நம் கருத்தில் அது இரண்டும்தான். பிரேக் குழாயிலும் அதன் இணைப்புகளிலும் உப்பு தங்கினால் சாலையில் போகும் யாரோ ஒருவரின் உயிருக்கு ஆபத்து. வாகனம் நம் கையில் உள்ள அமானத் என்றால், எதிரே வருபவரின் உயிரும் அந்த அமானத்தில் அடக்கம். அங்கே ஊற்றும் நீர் மாவு பிசையும் நீர். முகப்பும் பக்கப் பலகையில் எழுதிய பெயரும் பளபளக்க ஊற்றுவதோ ஆணத்துக்கான நீர். வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் இரண்டுக்கும் ஒரே குழாய்தான். கோட்டை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை ராவுத்தரும் கேட்கவில்லை, மகனும் கேட்கவில்லை. கழுவிய உப்பு எங்கே போகிறது? டொராண்டோவில் அது ஓடைகளுக்கும், அவற்றின் வழியே ஒன்டாரியோ ஏரிக்கும் போகிறது. சாதாரணக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் உப்பு நீங்குவதில்லை. சாலை உப்பு சுற்றுச்சூழலுக்குக் கேடு செய்கிறது என்று கனடிய அரசின் ஆய்வே 2001இல் முடிவு கூறியது. தண்ணீருக்குப் பஞ்சமில்லாத நாட்டின் கதை இது. இங்கோ சில லாரிகளைக் கண்மாய்க்குள்ளேயே இறக்கிக் கழுவுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறையும் அந்த நீரைத்தான் ஆடுகள் குடிக்கின்றன. அதுதான் மடை வழியே வயலுக்கும் பாய்கிறது. கரிசல் களிமண்ணில் உப்பு தொடர்ந்து ஏறினால் மண் இறுகி, நீரை உள்ளே விடாத களர் நிலமாகிவிடும். ஏற்கெனவே 'தண்ணியில்லாக் காடு' என்று பெயர் வாங்கியது அந்நாளைய இராமநாதபுரம் மாவட்டம். 1985இல் நம் பகுதி அதிலிருந்து பிரிந்தது; பெயர் மாறினாலும் வானம் மாறவில்லை. அந்தக் கண்மாயில் உப்பைக் கரைத்துவிட்டு வீடு வந்து ஒளுச் செய்பவரின் தூய்மை எந்தக் கணக்கில் சேரும்?

நாம் ஆலிமும் அல்லோம், மெக்கானிக்கும் அல்லோம். ராவுத்தரிடம் நாம் சொன்னது சின்னச் செய்திதான். ஈரம் ஏறுமுன், பகல் வெயிலிலேயே உலர்ந்த உப்பை விளக்குமாற்றால் கூட்டி அள்ளிவிடலாம். அதற்குத் தண்ணீரே வேண்டாம். மிச்சத்துக்குக் கிணற்று நீர், அதுவும் கண்மாயில் அன்று, சிமெண்டுத் தரையில். நல்ல தண்ணீர், ஈரத் துணியால் குழாய்களையும் இணைப்புகளையும் துடைக்கும் அளவுக்கு.

"எத்தனை குடம் வரும்?" என்றார்.

குடத்து நீர் வீட்டாருக்குச் சொந்தம். அதை நிரப்பி வைத்தவரைத்தான் கேட்க வேண்டும் என்றோம். போய்க் கேட்டிருக்கிறார். அடுத்த நடை முடிந்து வந்த அன்று, அந்த அம்மையாரே ஒரு குடத்தை இடுப்பில் ஏந்தி வந்து வண்டியருகே இறக்கி வைத்தார்.

"இது பிரேக்குக்கு. கண்ணாடியத் தொடக்க இதுல ஒரு சொட்டு எடுக்கப்படாது" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் போகாமல் அங்கேயே நின்றுகொண்டார்.