பட்டும் கொல்லாமையும்

தெய்வத்துக்குச் சாத்தவும் மணப்பெண் உடுத்தவும் மடியானது என்று கொள்ளப்படும் பட்டு, ஓர் உயிரைக் கொன்ற பின்பே நூலாகிறது. அந்தக் கொலை யார் கணக்கில் சேரும் என்பது காஞ்சிபுரத்தில் பட்டுத்தறியும் கோயிலும் அடுத்தடுத்து இருப்பதால் எழும் கேள்வி.

மல்பெரி இலை தின்று நான்கு வாரம் வளரும் புழு, மூன்று நாளில் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்கிறது. கூடு முழுவதும் அறுபடாத ஒரே இழை. ஆயிரம் மீட்டர் வரைகூட நீளும். உள்ளிருக்கும் கூட்டுப்புழு அந்துப்பூச்சியாக மாறிவிட்டால், ஒரு நொதியைக் கசியவிட்டுப் பசையைக் கரைத்து, ஒரு முனையைத் துளைத்து வெளியே வரும். இழை அங்கே அறுந்துபோகும். அதற்கு இடம் கொடாமல் கூடுகளை முன்னதாகவே ஆவியிலோ வெப்பக் காற்றிலோ வைத்து, பிறகு வெந்நீரில் இட்டு நூல் எடுக்கிறார்கள். ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஆறேழு கிலோ கூடு வேண்டும். கிலோவுக்கு ஐந்நூறு கூடு என்று குறைத்தே கணக்கிட்டாலும் மூவாயிரம் உயிர்.

காஞ்சி நெசவாளர் இதில் எதையும் செய்வதில்லை. நூலின் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருகிறது. காஞ்சியின் பிள்ளையார்பாளையத்துத் தறியில் ஏறும்போது அது வெறும் பாவும் ஊடையும்தான். கொன்றவர் வேறு, உடுத்துபவர் வேறு என்று சொல்லிவிடலாம். புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் அந்த வழியை அடைத்துவிடுகிறார்: தின்பதற்கு வாங்குவோர் இல்லையென்றால் விற்போரும் இல்லை. இறைச்சிக்குச் சொன்னது பட்டுக்குப் பொருந்தாது என்பதற்குக் காரணம் தேடுவது கடினம். பௌத்த விநய நூல்கள் பட்டு கலந்த விரிப்பைத் துறவிகளுக்கு விலக்கின. காஞ்சி காமகோடி பீடத்தின் 68ஆவது பீடாதிபதி சந்திரசேகரேந்திர சரஸ்வதி (1894–1994), பட்டுடுத்துவதை விட்டுவிடும்படி பெண்களைக் கேட்டுக்கொண்டார். பட்டுக்குப் பேர்போன ஊரின் மடத்திலிருந்தே வந்த சொல் அது. கல்யாண வீடுகள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

கொல்லாமல் நூல் எடுக்கும் முயற்சியும் உண்டு. ஆந்திரக் கைத்தறிக் கூட்டுறவு நிறுவனத்தில் பணியாற்றிய குசும ராஜய்யா, பூச்சி வெளியேறிய கூட்டிலிருந்து நூல் நூற்று, அதற்கு அகிம்சைப் பட்டு என்று பெயரிட்டார். அறுந்த இழையைப் பருத்திபோல் நூற்க வேண்டியிருப்பதால் பளபளப்பு குறைகிறது. காஞ்சியின் முறுக்குப் பட்டுக்கோ நீண்ட இழை வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. வளர்ப்பு அந்துப்பூச்சிக்குப் பறக்கத் தெரியாது. சில நாளில் இறந்துவிடும். அதற்குள் ஒரு பெண்பூச்சி முந்நூறு முதல் ஐந்நூறு முட்டை இடும். அத்தனையும் பொரித்தால் இலைக்கு எங்கே போவது? கொதிநீரிலிருந்து காப்பாற்றி, அடுத்த தலைமுறையைப் பட்டினியில் விடுவதாகிவிடும்.

அண்மைக்கால ஆய்வுகள் கேள்வியை வேறு திசைக்கு நகர்த்தியிருக்கின்றன. அஸ்துதில்லோ, தால்விட்ஸ், வோல்ராத் ஆகியோர் 2014இல் வெளியிட்ட இந்தியப் பட்டு பற்றிய வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு, மல்பெரித் தோட்டத்தின் பாசனம், உரம், கூடு வேகவைக்க எரிபொருள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, பல இயற்கை இழைகளைவிடப் பட்டின் சுற்றுச்சூழல் சுமை அதிகம் என்று கண்டது. இத்தகைய கணக்கில் தண்ணீருக்கும் கரிமத்துக்கும் அளவு உண்டு. இறந்த கூட்டுப்புழுவோ எண்ணெய்க்கும் தீவனத்துக்கும் போகும் உபபொருள். உயிரை எடைபோடும் அலகு அந்த அறிவியலிடம் இல்லை. இருக்க வேண்டும் என்று கேட்பதும் நியாயமில்லை.

கடைக்கு வந்திருக்கும் தொழில்நுட்பமும் அப்படித்தான். எக்ஸ்-கதிர் கருவி, சேலையை வெட்டாமலே சரிகையில் தங்கமும் வெள்ளியும் எவ்வளவு என்று சொல்லிவிடுகிறது. 2004இல் தொடங்கிய சில்க் மார்க் சீட்டு, பட்டு அசல்தான் என்கிறது. 2005–06இல் கிடைத்த புவிசார் குறியீடு ஊருக்குச் சான்று. வாங்குபவர் ஏமாறாமல் இருக்க இவை போதும். வள்ளுவர் வாங்குபவர்மேல் வைத்த பொறுப்பைப் பற்றி இவற்றில் ஒரு வரியும் கிடையாது.

வேகவதி ஆற்றங்கரையில், கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சமணர்களின் காஞ்சி இன்றும் இருக்கிறது. திரைலோக்கியநாதர் கோயில் அங்கேதான். அந்த ஊரின் பெயர் திருப்பருத்திக்குன்றம். காஞ்சி காட்டன் என்று கடைகளில் விற்கும் பருத்திச் சேலைக்கும் காஞ்சியின் பெயர்தான்.