சொல்லியாயிற்று, விளங்கியதா?

எம்மவர்கள் கூடுதலாக வசிக்கும் லண்டன் புறநகர் ஒன்றில் குடும்ப வைத்தியரின் சேர்ஜரிக்குள் நுழைபவரை முதலில் வரவேற்பது சுவர். நீரிழிவு, மார்புப் புற்றுநோய், புகைத்தல், தடுப்பூசி, மனச்சோர்வு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணத் தாள். போதாததற்குக் கைத்தொலைபேசியில் செய்தி வருகிறது, வீட்டுக்குக் கடிதம் வருகிறது. ஏற்கெனவே நோய் கண்டறியப்படாத 40 முதல் 74 வயது வரையானவர்களை ஐந்து வருடங்களுக்கு ஒருமுறை இருதயத்தையும் இரத்தத்தையும் பரிசோதிக்க வரும்படி இங்கிலாந்தில் அழைக்கிறார்கள். தன்னைச் சுற்றி வாழும் சமூகத்துக்கு அறிவிக்கவேண்டியதை அந்த வைத்தியசாலை அறிவித்துக்கொண்டுதான் இருக்கிறது. பெரிதாகக் குறை சொல்ல இடமில்லை.

ஆனால் அறிவித்தல் என்ற செயல் எப்போது நிறைவுபெறுகிறது? சொல்பவர் சொல்லி முடித்தபோதா, கேட்பவருக்கு விளங்கியபோதா? நிர்வாகிக்கு இது ஒரு சிறிய கேள்வி. கடிதம் அனுப்பியதற்குக் கொம்பியூட்டரில் பதிவு இருந்தால் அவருக்குப் போதும். தன் உடம்பில் என்ன நடக்கிறதென்று தெரியாமல் ஐந்து வருடம் மாத்திரை விழுங்கிய மனிதருக்கு இது சிறிய கேள்வியாக இருக்க முடியாது. அறிந்தவருக்கு அறியாதவர் மீது என்ன கடமை உண்டு, அந்தக் கடமை எந்த இடத்தில் தீர்கிறது என்பதே இங்கு எழும் பிரச்சினை.

எமது மொழியிலிருந்தே தொடங்கலாம். யாழ்ப்பாணத்தில் நோயை நாம் 'வருத்தம்' என்போம். நோய்க்கும் துயரத்துக்கும் ஒரே சொல். அதேபோல, ஊரில் ஒருவரை ஒருவர் கண்டால் கேட்பது 'சுகமாய் இருக்கிறியளோ' என்று. உடல்நலமும் வாழ்வின் நிறைவும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. இப்படிப் பேசிப் பழகிய ஒருவர் இங்குள்ள வைத்தியரின் முன்னால் அமர்ந்து 'நெகட்டிவ்' என்ற சொல்லைக் கேட்டு முகம் வாடுகிறார். 'பொசிட்டிவ்' என்றதும் ஆறுதலடைகிறார். பரிசோதனை முடிவுகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் அது தலைகீழ் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. 'விளங்கிச்சுதோ?' என்று வைத்தியர் தன் மொழியில் கேட்கிறார். 'ஓம் டொக்டர்' என்கிறார் இவர். பெரியவர்கள், படித்தவர்கள் முன்னால் 'விளங்கவில்லை' என்று சொல்வது மரியாதைக்கேடு என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அந்த 'ஓம்' மரியாதையின் ஓமே தவிர விளக்கத்தின் ஓம் அல்ல. வைத்தியரோ அதை விளக்கத்தின் ஓமாக எழுதிக்கொள்கிறார்.

சுவரிலுள்ள தாள் யாருக்காக எழுதப்பட்டது என்பதும் யோசிக்கவேண்டியது. உயரத்துக்கேற்ற எடையைக் கணக்கிடும் அளவுகோல் ஒன்று உண்டு. பொதுவான தாள்களில் அந்த எண் 25ஐத் தாண்டினால் எடை கூடுதல் என்றிருக்கும். தென்னாசியர்களுக்கு 23 இலேயே ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5 இல் அது மிக அதிகம் என்று கொள்ளவேண்டும் என்பது இந்நாட்டின் சுகாதார வழிகாட்டல் அமைப்பே ஏற்றுக்கொண்ட விடயம். இரண்டாம் வகை நீரிழிவு எம்மைப் போன்ற தென்னாசியருக்கு இரண்டு முதல் நான்கு மடங்கு கூடுதலாக வருகிறது. வயதிலும் முந்தி வருகிறது. இனி, எண் 24 உள்ள தமிழர் ஒருவர் பொதுத் தாளை வாசித்து, 'எனக்குப் பிரச்சினை இல்லை' என்று திருப்தியோடு வீடு செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தாளில் பொய் ஏதும் இல்லை. அவர் அதை ஒழுங்காக வாசித்தும் இருக்கிறார். ஆயினும் அவர் பிழையாக அறிவிக்கப்பட்டவர். உண்மையான செய்தியை உரியவர் அல்லாத ஒருவரின் உடம்புக்கு எழுதினால் அதுவும் ஒருவகைப் பிழைச் செய்திதான்.

வேல்ஸின் தெற்கே கிளின்கோறுக் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் ஜூலியன் ரியூடர் ஹார்ட் என்ற குடும்ப வைத்தியர் பல வருடங்கள் பணியாற்றினார். 2018 இல் காலமானார். நல்ல வைத்திய வசதி அதிகம் தேவைப்படும் மக்களுக்குக் குறைவாகவும், குறைவாகத் தேவைப்படும் மக்களுக்கு அதிகமாகவும் கிடைக்கிறது என்பதை 'தலைகீழ்ப் பராமரிப்பு விதி' என்று 1971 இல் 'லான்செற்' இதழில் எழுதியவர் அவர். எழுதியதோடு நின்றுவிடவில்லை. நோயென்று சொல்லி வருபவர்களுக்காகக் காத்திராமல், தன்னிடம் பதிந்திருந்த வளர்ந்தவர்கள் அனைவரதும் இரத்த அழுத்தத்தை அளக்க முற்பட்டார். வராதவர்களைத் தேடிப் போனார். கால் நூற்றாண்டின் பின் கணக்கெடுத்தபோது, 65 வயதுக்கு முன் இறப்பவர்களின் வீதம் அயற் கிராமத்தைவிட அங்கு குறைவாக இருந்தது.

அவருடைய விதி செய்திக்கும் பொருந்தும். சுவரிலுள்ள தாளை வாசிப்பவர் ஏற்கெனவே வைத்தியசாலைக்கு வந்தவர். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர். உட்கார்ந்து வாசிக்க நேரமுள்ளவர். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்துவிட்டுக் காலை எட்டு மணிக்கு நித்திரைக்குப் போகிறவருக்கு, சேர்ஜரியின் தொலைபேசி இணைப்புத் திறப்பதும் அதே எட்டு மணிக்குத்தான். உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவுபவருக்கும், வழக்கு நிராகரிக்கப்பட்டு மூன்று பேரோடு ஓர் அறையில் வாழ்பவருக்கும் அந்தச் சுவர் இல்லவே இல்லை. அறிவிப்பு மிகத் தேவையானவரை மிகக் கடைசியாகவே சென்றடைகிறது. பல வேளைகளில் சென்றடைவதே இல்லை.

ஊரில் இது வேறுவிதமாக இருந்தது என்று எம்மில் சிலர் பெருமூச்சு விடக்கூடும். உண்மைதான். இலங்கையில் 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை காலப்போக்கில் நாடெங்கும் பரவியது. அதன் பயனாக மருத்துவிச்சியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் படலை திறந்து வீட்டுக்கு வந்தார்கள். கர்ப்பிணியின் பெயர் அவர்களுக்குத் தெரியும், கிணற்றின் ஆழம் தெரியும். அதற்கும் முன்பு, 1847 இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர் மேலை மருத்துவத்தை மானிப்பாயில் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்று நூல் உட்படப் பலவற்றைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். எங்கள் மொழியில் மருத்துவ அறிவைச் சொல்ல முடியாது என்று இனி எவரும் சாக்குச் சொல்வதற்கில்லை.

ஆனாலும் பெருமூச்சை அளவோடு விடுவோம். 'தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், கிணற்றைச் சுத்தமாக வைத்திருங்கள்' என்ற அதே அறிவுரை, சாதியின் பெயரால் கிணற்றில் அள்ளும் உரிமை மறுக்கப்பட்டு, யாராவது வந்து ஊற்றும்வரை குடத்தோடு காத்துநின்றவர்களுக்கு என்ன பொருளைத் தந்திருக்கும்? செய்தியை ஏற்று நடக்கும் வசதி இல்லாதவரிடம் செய்தியை மட்டும் கொடுப்பது, கடமையை அவர் தலையில் இறக்கிவைத்துவிட்டுக் கைகழுவுவதாகும். அன்று அங்கும் அப்படி நடந்தது. இன்று இங்கும், இரண்டு வேலை செய்பவரிடம் 'தினமும் அரை மணி நேரம் நடவுங்கள்' என்று தாளை நீட்டும்போது அப்படித்தான் நடக்கிறது.

திருக்குறளில் மருந்து என்ற அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறது: நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பார்ப்பவர். புலம்பெயர்ந்த வாழ்வு அதில் ஐந்தாவதாக ஒருவரைச் சேர்த்திருக்கிறது: மொழிபெயர்ப்பவர். எங்கள் வீடுகளில் அந்த வேலை பெரும்பாலும் பிள்ளையின் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, தாயின் மாதவிடாய்ப் பிரச்சினையை, தகப்பனின் குடியை, சிறையில் பட்ட அடியின் தழும்பை அந்நிய மொழியில் சொல்லவேண்டிய பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு முன்னால் தாய் எல்லாவற்றையும் சொல்வாளா? சொல்லமாட்டாள். 'வயிற்றுக்குத்து' என்று சுருக்கிவிடுவாள். வைத்தியர் சொல்வதைப் பிள்ளை முழுவதுமாகத் திருப்பிச் சொல்லுமா? பயமான சொற்களை அது விழுங்கிவிடும். இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்கிறார்கள். நடுவில் உண்மை அநாதையாகிறது. பிள்ளைகளை இப்படிப் பயன்படுத்துவது தகாது, மொழிபெயர்ப்பாளரை நோயாளியிடம் காசு வாங்காமல் ஒழுங்குசெய்ய வேண்டும் என்று இந்நாட்டுச் சுகாதார சேவையின் வழிகாட்டலே சொல்கிறது. இந்தத் தகவல் எத்தனை சுவர்களில் தமிழில் ஒட்டப்பட்டிருக்கிறது?

இதுவரை வைத்தியசாலையைக் கேள்வி கேட்டோம். இனி எம்மையும் கேட்கவேண்டும். வளர்ந்த பிள்ளைகள் வைத்தியரின் அறைக்கு முன்னால் நின்று, 'அம்மாவுக்குப் புற்றுநோய் என்று சொல்லிவிடாதையுங்கோ, தாங்கமாட்டா' என்று மன்றாடுவது எம்மிடையே சாதாரணம். வீட்டில் அந்தச் சொல்லையே உச்சரிக்காமல் 'அந்த வருத்தம்' என்கிறோம். இதைக் கேட்டு வெள்ளைக்கார வைத்தியர் அதிர்ச்சியடைகிறார். 'தனிமனிதச் சுதந்திரம் என்பது உங்கள் கொள்கை, குடும்பம் என்பது எங்கள் கொள்கை' என்று நாங்கள் வாதாடுகிறோம். இந்த வாதம் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சரியா?

ஒரு வழக்கு இதைத் தெளிவாக்க உதவும். ஸ்கொட்லாந்தின் லனார்க்ஷயரில் 1999 இல் நடீன் மொன்ற்கொமெரி என்ற நீரிழிவுள்ள, உருவத்தில் சிறிய பெண் பிரசவத்துக்குச் சென்றார். நீரிழிவுள்ள தாய்மாரின் பிரசவத்தில் பிள்ளையின் தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து ஒன்பது அல்லது பத்து வீதம். வைத்தியர் அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பெண்கள் சத்திரசிகிச்சையைக் கேட்பார்கள், அது அவர்களுக்கு நல்லதல்ல என்பது வைத்தியரின் நியாயம். தோள் சிக்கியது, பிள்ளை கடுமையான பாதிப்போடு பிறந்தது. 2015 இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் தாயின் பக்கம் தீர்ப்பளித்தது. அவருடைய நிலையிலுள்ள ஒருவர் முக்கியமெனக் கருதக்கூடிய ஆபத்துக்களை அவர் அறியச் செய்வது வைத்தியரின் கடமை என்றது. விளங்காத தொழில்நுட்ப விபரங்களை அள்ளிக் கொட்டுவதாலோ, படிவத்தில் கையெழுத்து வாங்குவதாலோ அந்தக் கடமை தீர்ந்துவிடாது என்றும் சொன்னது.

அந்த வைத்தியரின் நியாயத்தை மறுபடி பாருங்கள். 'தெரிந்தால் அவள் தனக்கு நல்லதல்லாத முடிவை எடுப்பாள், ஆகவே தெரியவேண்டாம்.' எங்கள் வீட்டு மூத்த மகனின் நியாயமும் இதே அச்சில் வார்த்ததுதான். ஒருவர் அதிகாரத்தால் சொல்கிறார், மற்றவர் பாசத்தால் சொல்கிறார் என்பது உண்மை. ஆனால் இரண்டிலும் பறிபோவது ஒன்றே. நோயைப் பற்றித் தெரியாத தாய் கனடாவிலுள்ள மகளைப் பார்க்கும் பயணத்தை 'அடுத்த கோடைக்கு' ஒத்திவைப்பாள். ஊர்க் காணியை யாருக்கு எழுதுவது என்று தீர்மானிக்காமல் விடுவாள். இருபது வருடம் கதையாதிருக்கும் தம்பிக்கு ரெலிபோன் எடுக்காமலேயே போய்விடுவாள். துயரத்திலிருந்து அவளைக் காப்பாற்றினோம் என்கிறோம். கடைசி மாதங்களில் அவள் செய்ய விரும்பியிருக்கக்கூடியவற்றை அவளிடமிருந்து எடுத்துவிட்டோம் என்பதைச் சொல்வதில்லை. 'குடும்பமே முடிவு செய்யும்' என்று வாதாடும்போது, அந்தக் குடும்பத்தில் தாய்க்கு இடமில்லாமற் போனது எப்படி?

அறிய விரும்பாத உரிமையும் மனிதருக்கு உண்டு. 'எனக்கு விபரம் வேண்டாம், பிள்ளையளிட்டைச் சொல்லுங்கோ' என்று ஒரு தாய் சொன்னால் அதை மதிக்கவேண்டும். அந்தத் தீர்ப்பும் இதற்கு இடம் வைத்திருக்கிறது. ஆனால் அதைச் சொல்லவேண்டியவள் அவள். எவ்வளவு அறிய விரும்புகிறாள் என்று அவளிடம் கேட்காமல் நாமே பதில் சொல்லிவிடுவதுதான் பிழை.

அறிவித்தலுக்கு இன்னொரு முன்நிபந்தனை உண்டு: நம்பிக்கை. இங்கிலாந்தில் குடும்ப வைத்தியரிடம் பதிவதற்கு விசாவோ விலாச அத்தாட்சியோ கட்டாயமில்லை. ஆனால் 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஓர் உடன்படிக்கையின்படி, நோயாளர் பதிவிலிருந்த விலாசங்களைக் குடிவரவு அதிகாரிகள் பெறக்கூடியதாக இருந்தது. நோய் விபரம் கொடுக்கப்படவில்லை, விலாசம் மட்டும்தான் என்றார்கள். ஒளிந்து வாழ்பவனுக்கு விலாசத்தைவிடப் பெரிய இரகசியம் என்ன? எதிர்ப்புகளின் பின் 2018 இல் அது கைவிடப்பட்டது. உடன்படிக்கையை ஒரே நாளில் திரும்பப் பெறலாம். 'அங்கை பேர் குடுத்தால் பிடிபடுவாய்' என்று ஒருவர் மற்றவருக்குச் சொன்ன சொல்லை அப்படித் திரும்பப் பெற முடியாது. செய்தியைக் கொண்டுசெல்லும் வாசலே பயத்தின் வாசலாகிவிட்டால், சுவரில் எத்தனை மொழியில் எழுதியும் பயனில்லை.

ஆகவே 'விளங்கிச்சுதோ?' என்ற கேள்வியை நாம் சற்று மாற்றவேண்டியிருக்கிறது. அதற்கு 'ஓம்' தவிர வேறு பதில் எம்மவரிடமிருந்து வராது. 'வீட்டை போய் மகளுக்கு என்னெண்டு சொல்லுவியள்?' என்று ஒரு வைத்தியரோ தாதியோ கேட்டால், நோயாளி தன் வாயால், தன் சொற்களில் சொல்லவேண்டிவரும். எங்கு விளங்கவில்லை என்பது அப்போது இருவருக்கும் தெரியவரும். இதற்கு நேரம் வேண்டும். பத்து நிமிடத்துக்குள் அடுத்த நோயாளியைக் கூப்பிடவேண்டிய வைத்தியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்தப் பத்து நிமிடத்தைத் தீர்மானிப்பவர்களையும் கேட்கவேண்டும்.

எமது பக்கத்தில் செய்யக்கூடியது அதைவிட எளிது, அதைவிடக் கடினமும். தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தரும்படி முன்கூட்டியே கேட்கலாம். கேட்பது பிச்சையல்ல. பிறகு, வைத்தியரின் அறைக் கதவு திறக்கும்போது, நாம் முந்திக்கொண்டு பேசாமல் சற்றுப் பின்னால் நிற்கலாம். அம்மா உள்ளே போகட்டும். 'நீ வெளியிலை இரு தம்பி, நான் கேட்டுக்கொண்டு வாறன்' என்று அவள் சொன்னால், அதைத் தாங்கிக்கொள்ள நாமும் பழகவேண்டும்.