தேவசோமை கேட்டுக்கொண்டது

காஞ்சிபுரத்தைத் தொட்டுக்கொண்டு ஓடும் வேகவதி, பாலாற்றோடும் செய்யாற்றோடும் சேரும் இடம் திருமுக்கூடல். ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் அந்தக் கூடலின் கரையில் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. அங்கே வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. பதினொன்றாம் நூற்றாண்டில் அந்தக் கோயிலோடு சேர்ந்து நடந்த வேத பாடசாலையையும் மாணவர் விடுதியையும் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையையும் அது விவரிக்கிறது. வைத்தியருக்கு எவ்வளவு நெல், அறுவை செய்பவருக்கு எவ்வளவு, மருந்துக்கு வேர் கொண்டுவருபவருக்கு எவ்வளவு என்று அதில் கணக்கு இருக்கிறது. விடுதியில் உண்டவர்களில் பாஞ்சராத்திர வைணவர்களும் இருந்தார்கள், சைவர்களும் இருந்தார்கள். ஒருவர் நம்பும் நெறிக்கும் அவர் செய்யும் வேலைக்கும் உள்ள உறவைச் சோழர்கள் நெல் அளந்து தீர்த்துவைத்தார்கள்.

அதே வேகவதியின் கரையில் உள்ள காஞ்சியில், அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பு, அந்த உறவைப் பற்றிய கேள்வி வேறு விதமாக எழுந்தது. நாடகமாக. எழுதியவர் முதலாம் மகேந்திரவர்ம பல்லவர். நாடகம் மத்தவிலாசப் பிரகசனம். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடமொழியில் எழுதப்பட்ட இந்த அங்கதத்தின் பெயர் மாமண்டூர்க் குகைக் கல்வெட்டிலும் வருகிறது. மத்தவிலாசன் என்பது மன்னர் தமக்கே சூட்டிக்கொண்ட பட்டங்களில் ஒன்று. கேரளத்துச் சாக்கியார்கள் கூத்தாக ஆடிக் காப்பாற்றிவந்த நாடகத்தை 1917-இல் திருவனந்தபுரத்தில் த. கணபதி சாஸ்திரி அச்சேற்றினார். குடியும் காதலும் வாழ்க்கைப் பாதையும் ஒரே இடத்தில் கிடைக்குமா என்பதைப் பற்றி நம் மண்ணில் இவ்வளவு நேராக யோசித்த எழுத்து வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

நாடகத்தில் வரும் சத்தியசோமன் ஒரு கபாலிகன். மண்டையோட்டை ஏந்திப் பிச்சை எடுப்பதும் மது அருந்துவதும் அவன் நெறியின் பகுதி. தேவசோமை அவன் துணைவி, அதே நோன்பைப் பூண்டவள். இருவரும் காஞ்சித் தெருவில் தள்ளாடியபடி வருகிறார்கள். போதையில் அவன் அவளைச் சோமதேவை என்று கூப்பிட்டுவிடுகிறான். யார் அந்தச் சோமதேவை என்று அவள் முகம் மாறுகிறது. நாக்கைக் குழறவைத்தது மதுதான் என்று சொல்லிச் சமாளிக்கும் அவன், இனிக் குடிப்பதில்லை என்று அங்கேயே சூளுரைக்கிறான். உடனே அவள் அவன் காலில் விழுகிறாள். என் பொருட்டு உங்கள் தவத்தைக் குலைத்துக்கொள்ள வேண்டாம் என்று மன்றாடுகிறாள்.

அரங்கு சிரிக்கும் இடம் இது. ஆனால் தேவசோமையின் பேச்சில் பொய் இல்லை. அவளுக்கு அவன் குடி ஒரு கெட்ட பழக்கம் அல்ல, அவன் ஏற்ற விரதம். தன் மனக்குறை தீர வேண்டும் என்பதற்காக அவன் தன் பாதையை விட்டுவிடுவதை அவள் விரும்பவில்லை. காதலிக்காக ஒருவன் எதையாவது துறக்கும் கதைகள் நம்மிடம் ஏராளம். காதலுக்காக எதையும் துறக்காதே என்று கேட்கும் காதலி அரிது. இதைச் சொல்ல மகேந்திரவர்மருக்குக் குடிகாரர் இருவரே கிடைத்தார்கள் என்பதால் அந்த வேண்டுகோளின் மதிப்பு குறைந்துவிடாது.

அடுத்து வருவது தருக்கம். காரணம் எப்படியோ காரியமும் அப்படியே என்று சமணர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். அப்படியிருக்க, உடலை வருத்தும் துன்பத்திலிருந்து வீடுபேறாகிய இன்பம் விளையும் என்று சொல்வது தம் வாக்கைத் தாமே வெட்டுவது ஆகாதா என்று சத்தியசோமன் கேட்கிறான். குடித்துக்கொண்டும் காதலியின் முகத்தைப் பார்த்துக்கொண்டும் இருந்தே வீடு சேர வழி கண்ட சிவனை அவன் வாழ்த்துகிறான். மதுக்கடையைக் கண்டதும் அது அவனுக்கு வேள்விச்சாலையாகத் தெரிகிறது. கடையின் அடையாளக் கம்பம் யூபம் என்னும் வேள்வித்தூண், குடிப்பவர்கள் வேதியர்கள், பிதற்றல் மந்திரம், பாட்டு சாமகானம், தாகமே அக்கினி.

இந்தத் தருக்கத்தை வெறும் குடிகாரப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. மனம் ஒட்டாத வேலையில் முப்பது ஆண்டு உழைத்துவிட்டு ஓய்வுக்காலத்தில் நிம்மதி வரும் என்று காத்திருப்பவர்களைப் பார்த்தும் இதையே கேட்கலாம். கசப்பை விதைத்து எந்த மரத்தில் இனிப்பைப் பறிப்பது? அந்த அளவுக்குச் சத்தியசோமன் சொல்வது சரி.

சறுக்கல் அடுத்த நொடியில் வருகிறது. கடையில் பிச்சையாக மது வாங்கப் போனால் கையில் கபாலம் இல்லை. எங்கே வைத்தோம் என்பதும் நினைவில் இல்லை. கபாலம் இல்லாதவன் கபாலிகன் அல்லன். எந்த மது அவன் நோன்பின் பகுதியோ அதுவே அந்த நோன்பின் அடையாளத்தைக் கையிலிருந்து நழுவவிட்டது. நாடகத்தின் மிச்சக் கதை முழுதும் இந்தப் பாத்திரத்தைத் தேடுவதுதான். வழியில் வரும் பௌத்த பிக்கு நாகசேனன் தன் ஆடைக்குள் பிச்சைப் பாத்திரத்தை மறைத்துக்கொண்டு போகிறான். வணிகர் வீட்டில் கிடைத்த மீனும் இறைச்சியும் அதில் இருக்கின்றன. இவ்வளவு இரக்கமுள்ள புத்தர் பெண்ணையும் மதுவையும் மட்டும் எப்படி விலக்கியிருப்பார், பொறாமை பிடித்த முதியவர்கள் மூலநூலிலிருந்து அந்தப் பகுதியை மறைத்திருப்பார்களோ என்பது அவன் ஏக்கம். கபாலத்தைத் திருடியவன் இவனே என்று சத்தியசோமன் பிடித்துக்கொள்கிறான். உண்மையில் அதைக் கவ்விக்கொண்டு போனது ஒரு நாய். நாயிடமிருந்து அது ஒரு பித்தன் கைக்கு வந்திருக்கிறது.

கபாலிகன், பிக்கு இருவரில் மன்னர் யாரை அதிகம் கடிந்துகொள்கிறார்? பிக்குவைத்தான் என்று தோன்றுகிறது. கபாலிகன் தன் ஆசையைத் தெருவில் வைத்து வாதாடுகிறான். பிக்கு தன் ஆசையை ஆடைக்குள் மூடி, நூலைத் திருத்தப் பார்க்கிறான். பௌத்தம் இதில் தெளிவாகவே இருந்தது. ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தின் வணிகத்தையும் அது இல்லறத்தாருக்கே விலக்கியது.

காஞ்சியில் முடியும் மணிமேகலையும் இதே கேள்வியைத் தொடுகிறது. கப்பல் உடைந்து நாகர் நாட்டில் கரையேறிய சாதுவனுக்கு நாகர் தலைவன் பெண்ணையும் கள்ளையும் ஊனையும் கொடுக்கச் சொல்கிறான். சாதுவன் மறுக்கிறான். பெண்ணும் உண்டியும் இல்லாத வாழ்வில் வேறு என்ன இருக்கிறது என்று கேட்கிறான் தலைவன். அது நேர்மையான கேள்வி. சாதுவன் பிறப்பையும் இறப்பையும் வினையையும் விளக்கிவிட்டு, அவனால் கைக்கொள்ள முடிந்த அறத்தை மட்டும் சொல்கிறான்: கலம் உடைந்து வருவோரைக் கொல்லாதே, காப்பாற்று, மூத்து இறந்த விலங்கைத் தவிர மற்ற உயிர்களுக்குத் தீங்கு செய்யாதே. கேட்பவனின் வலிமைக்கு ஏற்ப அறத்தை அளந்து கொடுத்த அந்த நிதானம் இன்றைய மதுவிலக்கு மேடைகளிலும் எதிர்மேடைகளிலும் காணக் கிடைப்பதில்லை.

வள்ளுவர் கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில் வைத்தார். இன்பத்துப்பாலில் காதல் வயப்பட்டவர் பேசும்போது, குடித்தால்தான் கள் மகிழ்விக்கும், காதலோ நினைத்தாலே மகிழ்விக்கும் என்று இரண்டையும் ஒப்பிட அனுமதித்தார். மதுவின் ருசியை அறியாத நாடு அல்ல இது. பாலாறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே வசவசமுத்திரத்தில் நடந்த அகழாய்வில் ரோமானிய ஆம்போராச் சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. யவனர் அப்படிப்பட்ட சாடிகளில்தான் ஒயினைக் கப்பலேற்றினார்கள். இன்றோ டாஸ்மாக் கடையில் சம்பளம் கரைந்துபோன வீடுகளுக்கு மது ஒரு தத்துவக் கேள்வியே அல்ல. அந்த வீட்டுப் பெண்ணிடம் போய் தேவசோமையைப் போலப் பேசச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இருந்தாலும் ஒயினையே தொழிலாகவும் வாழ்வின் திசையாகவும் தேர்ந்துகொண்டவர்கள் இந்தியாவில் இருக்கிறார்கள். நிறுவன வேலையை விட்டு இந்தத் துறைக்கு வந்த மும்பையின் சோனல் ஹாலண்ட் 2016-இல் மாஸ்டர் ஆஃப் ஒயின் பட்டம் பெற்றார். இந்தியாவில் இருந்துகொண்டு அதைப் பெற்ற முதல் ஆள் அவர். லண்டனில் 1953-இல் தொடங்கிய அந்தத் தேர்வின் செய்முறைப் பகுதியில் மூன்று தாள்கள் உண்டு. தாளுக்கு 12 வீதம் 36 ஒயின்களைப் பெயர் மறைத்துக் கொடுப்பார்கள். எந்தத் திராட்சை, எந்த நாடு, எந்த ஆண்டு, எப்படிப் புளிக்கவைத்தது என்பதை நாக்கையும் மூக்கையும் மட்டும் நம்பி எழுத வேண்டும். எழுதுபவர் ஒவ்வொரு மடக்கையும் சுவைத்துவிட்டுத் துப்பிவிடுவார். விழுங்கினால் பத்தாவது கோப்பையில் நாக்கு மழுங்கிவிடும்.

சத்தியசோமன் கேட்ட கேள்விக்கு அவனுக்குக் கிடைக்காத ஒரு பதில் இந்தப் பழக்கத்தில் இருக்கிறது. இன்பத்திலிருந்தே இன்பம் விளையலாம். ஆனால் அந்த இன்பத்தை எடை போட ஒருவர் விழித்திருக்க வேண்டும். அவனோடு நடந்த தேவசோமை ஓரளவு விழித்தே இருந்தாள். அவன் பெயர் தவறிக் கூப்பிட்டதைக் கவனித்தவள் அவள். பௌத்த விகாரங்களின் செல்வத்துக்கு முன்னால் கபால வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால் ஏழைக் கபாலிகனுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டவளும் அவள்தான்.