பட்டறையின் ஞாபகம் யாருக்குச் சொந்தம்?

சிட்னி நகரத்து ஈவ்லி ரயில்வே பட்டறை 1887இல் தொடங்கி 1989இல் மூடப்பட்டது. நூறு வருசம் அங்கே எஞ்சினும் பெட்டியும் பழுது பார்த்தார்கள். பெட்டிக் கொட்டகை 2007இல் ‘கேரேஜ்வொர்க்ஸ்’ என்ற கலை அரங்கமானது. எஞ்சின் கொட்டகைப் பக்கம் 2015இல் தனியார் கம்பெனிக்கு விற்கப்பட்டது. இப்போது வங்கி அலுவலகமெல்லாம் அங்கே இருக்கிறது. செங்கல் சுவரும் இரும்புத் தூணும் நிற்கின்றன. நல்லதுதானே என்பார்கள். நல்லதுதான். ஆனா, சுவரைக் காப்பாத்திட்டா உழைத்தவர்களின் ஞாபகத்தைக் காப்பாத்தினதா ஆயிடுமா?

1917இல் ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தை அட்டையில் குறிக்கும் முறையை நிர்வாகம் புகுத்தியது. ஆகஸ்டில் ஈவ்லி தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். வேலைநிறுத்தம் பல தொழில்களுக்கும் பரவி, தோற்றது. தன் உடம்பின் நேரம் தனக்கே சொந்தம் என்று மனிதர்கள் சொன்ன வரலாறு அது. சொல்லப்பட வேண்டிய வரலாறு.

அந்த வரலாற்றுக்கும் அடியில் ஒன்று கிடக்கிறது. அந்த மண் காடிகல் பூர்வகுடிகளுடையது. 1788இல் வெள்ளையர் குடியேற்றத்தோடு பறிபோனது. பின்னாளில் வேலை தேடி நகரத்துக்கு வந்த பூர்வகுடிகள் இதே பட்டறையில் கூலிக்குச் சேர்ந்தார்கள். பக்கத்து ரெட்ஃபெர்னில் குடியிருந்தார்கள். பறித்த மண்ணிலேயே கூலி! 1973இல் அங்கே ‘தி பிளாக்’ குடியிருப்பு அவர்கள் கைக்கு வரத் தொடங்கியது. அந்தப் பழைய வீடுகள் சிதிலமாகி இடிக்கப்பட்டன. பூர்வகுடிகளின் வீட்டுவசதி அமைப்பு அதே இடத்தில் 62 வீடுகளை மறுபடி கட்டியது. அதற்குப் பணம் தேட, கூடவே 24 மாடி மாணவர் விடுதிக்கும் இடம் விட வேண்டியிருந்தது.

கொட்டகைக்குக் கிடைத்த மரியாதை மனிதர்களுக்குக் கிடைக்க எவ்வளவு பாடு பாருங்கள். நம்ம கைபட்ட பொருளுக்கு உள்ளே இடம், நமக்கு வெளியே இடம் என்பதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு இது அந்நியக் கதையில்லை.

உலைச்சூடும் இரும்புத்தூளும் திரும்பி வரணும்னு நான் கேட்கவில்லை. அது உடம்பைத் தின்ற வேலை. பட்டறை அரங்கமாகட்டும், அலுவலகமாகட்டும். அதில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாடகை கொடுத்து அந்தத் தெருவில் வாழ முடிகிறதா? அந்த இடத்தை என்ன செய்வது என்று தீர்மானிக்கும்போது அவர்களுக்கு நாற்காலி உண்டா? ஞாபகத்தின் அறத்தை இந்த இரண்டு கேள்வியில்தான் நான் அளக்கிறேன். அந்த 62 வீடுகளின் சாவி பாதிப் பதில். மீதிப் பதில் விற்றவர்களும் வாங்கியவர்களும் சொல்ல வேண்டியது.