குணமாக்கும் கரமும் உண்மை உரைக்கும் நாவும்

என் நண்பர் ஒருவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். பல்லாண்டுகளாக இடுப்பு வலியால் துன்புற்றவர். மாத்திரைகளும் தைலங்களும் பயனளிக்காத நிலையில், அக்குபங்சர் மருத்துவர் ஒருவரை நாடினார். பத்துப் பன்னிரண்டு முறை ஊசி ஏற்றிக்கொண்ட பின், "ஞாயிறு திருப்பலியில் இப்போது முழந்தாளிட முடிகிறது ஐயா" என்று மகிழ்ந்து சொன்னார். சில மாதங்கள் கழித்து வாடிய முகத்தோடு வந்தார். "உரிய புள்ளியில் குத்தினாலும், வேறெங்கோ பெயருக்குக் குத்தினாலும் பலன் ஏறத்தாழ ஒன்றேதானாம். ஆய்வு செய்து கண்டிருக்கிறார்களாம். அப்படியானால் நான் பெற்ற குணம் பொய்யா?" என்று கேட்டார்.

எளிய கேள்விதான். ஆயினும் என்னால் உடனே விடை சொல்ல இயலவில்லை.

சீன மருத்துவம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட மரபு. உடலில் 'சீ' எனும் உயிராற்றல் நாளங்கள் வழியே ஓடுகிறது என்றும், யின், யாங் எனும் இரு தன்மைகள் சமன் குலையும்போது நோய் பிறக்கிறது என்றும் அது கருதுகிறது. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் ஆகிய ஐந்தின் உறவைக் கொண்டு உறுப்புகளின் உறவை விளக்குகிறது. மருத்துவர் நோயாளியைப் பார்க்கிறார், அவர் குரலையும் மூச்சையும் கவனிக்கிறார், கேள்விகள் கேட்கிறார், இறுதியில் இரு மணிக்கட்டிலும் நாடி பிடிக்கிறார். பிறகே சிகிச்சை. மூலிகைக் கஷாயம், ஊசி, மாசிபத்திரி இனத்து மூலிகையைக் கொளுத்தித் தோலருகே காட்டும் சூட்டு முறை, குவளை கவிழ்த்து உறிஞ்சும் முறை, 'துய்னா' எனும் பிடித்துவிடுதல், 'சீகோங்' எனும் மூச்சுப் பயிற்சி, உணவு ஒழுங்கு என அதன் வழிகள் பல. லி ஷிஜென் என்பவர் 27 ஆண்டுகள் உழைத்து எழுதிய மருந்து நூலில் 1,892 பொருள்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அந்நூல் அச்சாகி வெளிவந்ததைக் காண அவர் உயிரோடு இல்லை.

இம்மரபின் அறநெறியும் நம் மதிப்புக்குரியது. 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுன் சிமியாவ் எனும் மருத்துவர், மனித உயிர் ஆயிரம் பொன்னினும் மேலானது என்று கருதித் தம் நூலுக்கே 'ஆயிரம் பொன்' எனப் பெயர் சூட்டினார். செல்வர் - ஏழை, நண்பர் - பகைவர், தம்மவர் - அயலார் என்று பாராமல் எல்லா நோயாளிகளையும் சொந்த உறவினராகக் கருத வேண்டும் என்பது மருத்துவருக்கு அவர் வகுத்த விதி. ஓர் உயிரைக் காக்க இன்னோர் உயிரைக் கொல்வதையும் அவர் ஏற்கவில்லை. எறும்புண்ணியின் செதிலுக்காகவும் காண்டாமிருகத்தின் கொம்புக்காகவும் அவ்வுயிர்களை அழிவின் விளிம்புக்குத் தள்ளிய பிற்காலத்தார், தம் முன்னோரின் இச்சொல்லை மறந்தனர். எறும்புண்ணிச் செதிலைச் சீனா தன் அரசு மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது 2020-இல்தான்.

இனி, நண்பரை வாட்டிய ஆய்வுக்கு வருவோம். ஜெர்மனியில், நாள்பட்ட இடுப்பு வலியுடைய 1,162 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்துச் செய்த ஆய்வின் முடிவு 2007-இல் வெளிவந்தது. ஆறு மாதங்களுக்குப் பின், முறையான ஊசி பெற்றவர்களில் ஏறத்தாழ 48 விழுக்காட்டினர் நலம் கண்டனர். பெயருக்கு ஊசி பெற்றவர்களில் 44 விழுக்காட்டினர் நலம் கண்டனர். வழக்கமான மருந்தும் உடற்பயிற்சியும் பெற்றவர்களிலோ 27 விழுக்காட்டினர் மட்டுமே.

இதன் பொருள் என்ன? ஊசியால் நலம் விளைந்தது என்பது ஒன்று. எந்தப் புள்ளியில், எந்த நாளத்தைத் திறந்ததால் நலம் விளைந்தது என்பது வேறொன்று. முன்னது நோயாளியின் அனுபவம். பின்னது மருத்துவரின் விளக்கம். அந்த நாளங்களை எந்த உடற்கூற்று ஆய்வும் கண்டதில்லை. ஒருவேளை ஊசியின் தீண்டலும், அமைதியாகப் படுத்திருந்த நேரமும், நலம் பெறுவோம் என்ற நம்பிக்கையும், காது கொடுத்துக் கேட்ட ஒரு மனிதரின் அருகாமையும் சேர்ந்து வலியைத் தணித்திருக்கலாம். அதனால் நலம் பொய்யாகிவிடாது. ஆனால் பெற்ற நலம், சொன்ன விளக்கத்துக்குச் சான்றாகியும் விடாது.

இவ்வேறுபாட்டை மறந்தால் என்ன நேரும் என்பதற்குப் பெல்ஜியம் நாடு ஒரு பாடம். 1990-களின் தொடக்கத்தில், உடல் மெலிய விரும்பிய பெண்களுக்கு அங்கே சீன மூலிகை கலந்த மருந்து வழங்கப்பட்டது. ஒரு மூலிகைக்குப் பதிலாக, ஒத்த பெயருடைய வேறொரு நச்சு மூலிகை அதில் கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் சிறுநீரகம் பழுதுற்றனர். அவர்களுட் சிலர் பின்னர்ப் புற்றுநோய்க்கும் ஆளாயினர். 'இயற்கையானது', 'தொன்மையானது' என்ற சொற்கள் அவர்களைக் காக்கவில்லை.

அப்படியானால் அயல் மரபின் மருந்தையே நாம் ஒதுக்கிவிட வேண்டுமா? வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. 1693-இல் சீனப் பேரரசர் காங்சி காய்ச்சலால் நலிந்தபோது, இயேசு சபைக் குருக்கள் அவருக்குச் சின்கோனா மரப்பட்டையைக் கொடுத்தனர். அமெரிக்கக் கண்டத்தில் விளைந்த அப்பட்டை, நம் புதுச்சேரியிலிருந்த அவர்களுடைய சபைத் தோழர் ஒருவர் அனுப்பிவைத்தது. அரசவைப் பெரியோர் சிலர் முதலில் தாமே அருந்திப் பார்த்த பின்னரே பேரரசருக்கு அளிக்கப்பட்டது. அவர் பிழைத்தார். நன்றியாக அக்குருக்களுக்குப் பீக்கிங் அரச வளாகத்தில் இல்லம் ஒன்றை வழங்கினார்.

அக்கடனைச் சீனம் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் உலகுக்கே திருப்பித் தந்தது எனலாம். 1967-இல், மலேரியாவுக்கு மருந்து தேடும் பணியைச் சீன அரசு தொடங்கியது. அதில் ஈடுபட்ட தூ யூயூ எனும் பெண் ஆய்வாளர் பழஞ்சுவடிகளைப் புரட்டினார். 4-ஆம் நூற்றாண்டினரான கெ ஹோங், ஒரு பிடி சிங்ஹாவ் மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்த சாற்றைக் காய்ச்சலுக்குக் குறித்திருந்தார். ஊறவைக்கச் சொன்னாரே தவிரக் கொதிக்கவைக்கச் சொல்லவில்லை! அந்த ஒரு குறிப்பு அவருடைய கண்ணைத் திறந்தது. குறைந்த வெப்பத்தில் சாறெடுத்தார். 1971-இல், 191-ஆம் சாற்று மாதிரி விலங்குகளிடத்து முழுப் பலன் தந்தது. நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன், அவரும் தோழர்களும் தாமே அதை உட்கொண்டு சோதித்தனர். ஆர்டெமிசினின் எனும் அம்மருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது. 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவர் பழைய நூலைத் தூக்கி எறியவில்லை. கண்களில் ஒற்றிக்கொண்டு பேழையில் வைத்துப் பூட்டவும் இல்லை. அதனிடம் ஒரு கேள்வி கேட்டார், விடையைச் சோதித்தார், சோதனையின் ஆபத்தைத் தாமே ஏற்றார். முன்னோர்க்குச் செய்யும் மெய்யான மரியாதை இதுவன்றோ? அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தில் எண்ணெய் வார்த்தவன் அயலானாகிய சமாரியன். அந்தக் கரம் எந்த இனத்தது என்று நாம் கேட்பதில்லை. ஆனால் வார்த்தது எண்ணெய்தானா என்று கேட்பது, காயம்பட்டவனுக்கு நாம் ஆற்ற வேண்டிய கடமை.

இவற்றையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். "நீங்கள் முழந்தாளிட்டது உண்மை. அதற்காக நன்றி சொல்லுங்கள். ஆனால் அந்த நன்றி உங்களுக்கு எதைச் சொல்லும் உரிமையைத் தருகிறது, எதைச் சொல்லும் உரிமையைத் தரவில்லை என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள். உங்கள் பேச்சைக் கேட்டு வேறு யாரேனும் அங்கே போனார்களா?" என்றேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு மெல்லச் சொன்னார். அவர் தெருவில் ஒரு பெண்மணிக்கு மார்பில் கட்டி. அறுவை சிகிச்சைக்கு அஞ்சியிருந்த அவரிடம், "ஊசியே போதும் அம்மா, நானே சாட்சி" என்று இவர் சொல்லியிருக்கிறார். இரண்டு மாதங்களாக அப்பெண்மணி மருத்துவமனைப் பக்கமே போகவில்லை.

தம் நலம் பொய்யோ என்று அஞ்சி வந்தவர், தம் சாட்சியே இன்னொருவருக்குப் பொய்யாகிவிட்டதை அப்போதுதான் கண்டார். நம் அனுபவம் நமக்கு உண்மை. அதைப் பிறர் உடலுக்கும் விதியாக்கும்போது, அன்பினால் சொன்ன சொல்லும் பிழையாகிவிடுகிறது. இரக்கம் மட்டும் போதாது. தெரிந்ததற்கு அப்பால் பேசாத நாவும் வேண்டும்.

மறுநாள் காலை, தம் மனைவியையும் உடன் அழைத்துக்கொண்டு அப்பெண்மணியின் வீட்டுக்குச் சென்றார். மூவருமாக மருத்துவமனைக்குப் புறப்பட்டார்கள் என்று அறிந்தேன்.