மெழுகுக் கைகள்

மும்பையின் பாந்திராவில், அரபிக் கடலை ஒட்டிய மேட்டில் இருக்கிறது மவுண்ட் மேரி பசிலிக்கா. இரட்டைக் கோபுரம், கோத்திக் சாயல் கொண்ட கல் கட்டடம். இன்று நாம் பார்ப்பது 1904-இல் எழுந்தது. வரைபடம் போட்டவர் ஷாபூர்ஜி சந்தாபாய், ஒரு பார்சி. மாதாவுக்கு வீடு கட்டும் பொறுப்பை அக்கினியைப் புனிதமாகப் போற்றுபவர் ஏற்றார். இந்த ஊரின் மேல் எனக்குள்ள பிரியத்துக்கு இது போதும்.

*

கட்டடத்தைவிட உள்ளே இருக்கும் மாதா சுரூபத்துக்கு வயது அதிகம். 16-ஆம் நூற்றாண்டில் இயேசு சபையினர் போர்த்துகலிலிருந்து கொண்டுவந்து, மேட்டில் சிற்றாலயம் அமைத்தார்கள். 1700-இல் அரபுக் கொள்ளையர் புகுந்து, கையில் பொன்னாக மின்னியதற்கு ஆசைப்பட்டு வலக்கையையே வெட்டினார்கள். 1730-களின் மராத்தியப் போரில் ஆலயமும் போனது. 1760-இல் மறுபடி கட்டியபோது இன்னொரு மாதா சுரூபத்தை வைத்தார்கள். அது கடலில் கிடைக்கும் என்று ஒரு கோலி மீனவர் முன்பே கனவு கண்டாராம். பழைய சுரூபம் பிறகு பீடத்துக்குத் திரும்பியது. துண்டான கையைக் குழந்தை இயேசு மறைத்திருக்கிறார் என்பது வழிவழியாக வரும் பேச்சு.

*

செப்டம்பர் 8-க்கு அடுத்த ஞாயிறு திருவிழா. ஒரு வாரம் நடக்கும். வாஷியிலிருந்து ஹார்பர் ரயிலில் வந்து, வடாலாவில் மாறி, பாந்திராவில் இறங்கிக் கூட்டத்தோடு மேடேறுவேன். வழியெல்லாம் மெழுகு உருவாரக் கடைகள். கை, கால், வீடு, தொட்டில் பிள்ளை. போன வருஷம் என் முன்னால் நின்ற அம்மாள், தாராவித் தமிழ் பேசியவர், ஒரு மெழுகுக் கையை எடுத்துப் பார்த்து, “விரல் அஞ்சும் முழுசா இருக்கிறதாக் குடுங்க” என்றார். கடைக்காரர் மராத்திக்காரர். தமிழ் தெரியாவிட்டாலும், விரல் மடக்கி எண்ணியதைப் பார்த்து வேறொன்று எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மாளுடைய மகனின் வலக்கையில் கட்டு. பட்டறையில் மிஷின் இழுத்துவிட்டதாம்.

*

சமயபுரத்தில் வெள்ளியில் உருவாரம் வாங்கிச் சாத்துகிறோம். வேளாங்கண்ணியிலும் அப்படித்தான். நோவை உருவமாக்கிக் கையில் எடுத்துப்போகும் வழக்கம் நம் சனத்துக்குப் புதிதல்ல. அதனால்தான் அந்த அம்மாளுக்குப் பாந்திரா மேடு அந்நியமாக இல்லை. வரிசையில் பர்தா போட்ட பெண்களும் குங்குமம் வைத்தவர்களும் நின்றார்கள். யாரும் யாரையும் என்ன சமயம் என்று கேட்கவில்லை.

*

கை வெட்டுப்பட்ட மாதாவிடம் கையைக் கேட்டு வருகிறார்கள். இதில் முரண் ஏதும் எனக்குத் தெரியவில்லை. அடிபட்டவளுக்குத்தான் அடியின் வலி தெரியும் என்று நம்முடைய ஆட்கள் நம்புகிறார்கள், நானும் நம்புகிறேன். கொள்ளைக்கும் போருக்கும் பிறகு இந்த மேட்டில் திரும்பத் திரும்ப ஆலயம் எழுந்ததற்கு, கல்லையும் சுண்ணாம்பையும்விட இந்த நம்பிக்கையே பெரிய காரணம்.