முதல் ‘வேண்டாம்’ வீட்டில்தான்

நம் வீடுகளில் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்குவது யார்? சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாத பிள்ளை. வந்த உறவினர் வலிக்க வலிக்கக் கன்னத்தைக் கிள்ளினாலும் சிரித்துக்கொண்டே நிற்கிற பிள்ளை. அதே பிள்ளை பள்ளியில் யாரிடமோ அடிவாங்கிக்கொண்டு வந்தால், ‘உனக்கு வாய் இல்லையா? திருப்பிக் கேட்க வேண்டியதுதானே?’ என்று அதட்டுகிறோம். வாய் இருக்கிறது. அதைத் திறக்காமல் இருந்ததற்குத்தான் அது இத்தனை நாள் நம்மிடம் பாராட்டு வாங்கியது.

தாம்பரத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. தென்மாவட்ட ரயில்களில் வந்து இறங்கும் குடும்பங்கள் சேலையூர், இரும்புலியூர், முடிச்சூர், பெருங்களத்தூர் என்று வாடகைக்கு வீடு பார்த்துத் தங்கிவிடுகிற வட்டாரம் இது. விமானப்படைத் தளத்துக்கு மாற்றலாகி வருபவர்களும், கட்டட வேலைக்காக வடக்கிலிருந்து வருபவர்களும் இருக்கிறார்கள். அதனால் வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு புது முகம். அதன் நிறம், பேச்சு, டிபன் பாக்ஸில் இருக்கிற சாப்பாடு எல்லாமே கேலிக்குத் தீனி.

என் அக்கா குடும்பம் அம்பாசமுத்திரத்திலிருந்து சேலையூருக்குக் குடிவந்தது. அவள் மகன் ஆறாம் வகுப்பில் சேர்ந்தான். நோட்டு எங்கே என்று டீச்சர் கேட்டதற்கு, ‘அங்கன வச்சிருக்கேன்’ என்றான். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவன் பெயர் ‘அங்கன’. வேனில் அவன் ஷூவை ஒளித்துவைப்பார்கள். இறங்கும் நேரத்தில் பையைப் பின்சீட்டுக்கு வீசுவார்கள். ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பையன் வீட்டிலும் வாயை மூடிக்கொண்டான். கேட்டபோது, ‘நான் பேசினாலே சிரிக்கானுவ மாமா’ என்றான்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போனோம். அவர் தந்த பயிற்சியை ஆங்கிலத்தில் அசர்ட்டிவ்னெஸ் ட்ரெயினிங் என்கிறார்கள்; பணிந்தும் போகாமல், பாய்ந்தும் போகாமல் தன் பக்கத்தைச் சொல்லும் பயிற்சி. அவர் முதலில் நிற்கக் கற்றுக்கொடுத்தார்: இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும், தோள் நிமிர வேண்டும். பிறகு அவரே வம்பிழுக்கும் பையனாகி, ‘டேய் அங்கன’ என்று கூப்பிட்டார். பதில் சின்னதுதான்: ‘அப்படிக் கூப்பிடாத. என் பேரச் சொல்லு.’ சொன்னான். சொல்லும்போது உதட்டில் ஒரு சிரிப்பு. ‘சிரிக்காம சொல்லுப்பா’ என்றார். மறுபடியும் அதே சிரிப்பு.

அந்தச் சிரிப்பு சந்தோஷத்தில் வருவதில்லை. என்னை ஒன்றும் செய்துவிடாதே என்று முகம் கெஞ்சுகிற கெஞ்சல் அது. சீண்டலுக்கு ஆளான பல பிள்ளைகளிடம் அது ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பெரியவர்கள், ‘அவனும் ஜாலியாத்தானே எடுத்துக்கிறான்’ என்று கடந்து போகிறார்கள். சிரிக்காமல் அந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்ல அவனுக்குப் பல வாரம் ஆயிற்று. காரணம் விளக்காதே, பதிலுக்குப் பட்டப்பெயர் வைக்காதே, சொன்னதையே அதே குரலில் மறுபடி சொல், சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. அடிதடி வரும் என்று தோன்றினால் பேச்சே வேண்டாம், பெரியவர்கள் இருக்கும் இடத்துக்குப் போ. இவ்வளவுதான் பாடம். அவன் பேச்சு வழக்கை மாற்றிக்கொள்ளும்படி அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

இந்த முறைக்கு வேர் ஜோசப் வோல்ப்பே போன்றவர்களின் சிகிச்சையில் இருக்கிறது. தென்னாப்பிரிக்க மனநல மருத்துவரான அவர், இரண்டாம் உலகப் போரில் மனம் கலங்கிய படைவீரர்களுக்கு மருத்துவம் பார்த்தவர். 1958இல் வெளிவந்த நூலில், தன் உணர்வைத் தயங்காமல் வெளிப்படுத்தும் செயல் பயத்தைத் தளர்த்தும் என்று விளக்கினார். அதனால்தான் பாதுகாப்பான இடத்தில் ஒத்திகை. நீச்சலை யாரும் வெள்ளத்தில் கற்றுக்கொடுப்பதில்லை. இடுப்பளவுத் தண்ணீரில்தான் தொடங்குகிறோம்.

ஆனால் பயிற்சியை மட்டும் கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சாதியின் பெயரால் சக மாணவர்கள் கொடுமைப்படுத்தியதைப் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவர் ஒருவர் பள்ளியில் சொன்னார். அதை அடுத்து இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அந்த மாணவர் துணிச்சலில் குறைந்தவர் இல்லை. மறு ஆண்டே பொதுத்தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் எடுத்தார். அவர் பேசினார். பேசிய பிறகு அவரைப் பாதுகாக்க வேண்டியவர்கள்தான் காக்கவில்லை. இதற்காக அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் மேல்வகுப்புகள் உள்ள பள்ளிகளில் நல அலுவலர் ஒருவர் வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. சொல்வதைக் கேட்பதற்கென்றே ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

வெளியுலகமும் இதையே கண்டது. நார்வேயில் 1982இல் மூன்று சிறுவர்களின் மரணத்துக்குப் பின் உளவியலாளர் டான் ஓல்வேயஸ் சீண்டலைத் தடுக்க உருவாக்கிய திட்டம், பாதிக்கப்பட்ட பிள்ளையோடு நிற்காமல் ஆசிரியர், பெற்றோர், வகுப்பு என மொத்தப் பள்ளியையும் மாற்ற முயன்றது. பின்லாந்தின் ‘கிவா’ திட்டம் வேடிக்கை பார்க்கும் மாணவர்கள் மீது கவனம் வைத்தது. அக்கா மகன் விஷயத்திலும் அப்படித்தான். அவன் நிமிர்ந்து பேசிய பிறகும் கேலி உடனே நிற்கவில்லை. பக்கத்து சீட் பையன் ஒருநாள் வேனில் ‘அவன விடுடா’ என்று சொன்ன பிறகுதான் அடங்கியது. ஆனால் அந்தப் பையனுக்கும் வாய் வந்தது, இவன் முதலில் பேசியதால்தான் என்று நம்புகிறேன்.

பள்ளியில் யாரும் கேட்காவிட்டால் 1098 இருக்கிறது, பள்ளிக் கல்வித்துறையின் 14417 இருக்கிறது. அந்த எண்களைப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்துவைக்கலாம். ஆனால் ஒரு பிள்ளை முன்பின் தெரியாதவரிடம் தன் வலியைச் சொல்ல வேண்டுமானால், சொன்னால் எடுபடும் என்ற அனுபவம் அதற்கு ஏற்கெனவே இருக்க வேண்டும். அந்த அனுபவத்தை வீடுதான் தர முடியும். ‘எனக்குப் பிடிக்கலை, கிள்ளாதீங்க’ என்று அது மாமாவிடம் சொல்லும்போது, ‘பெரியவங்ககிட்ட இப்படியா பேசறது’ என்று அதட்டாமல், மாமாவின் கையை நாம் விலக்கிவிட வேண்டும். பெரியவர்களை மதிக்கும் பிள்ளை தன்னையும் மதிக்கலாம். ஒன்றுக்காக மற்றொன்றை விட வேண்டியதில்லை. நம் முன்னால் ‘வேண்டாம்’ என்று சொல்லி, அது மதிக்கப்பட்டதைக் கண்ட பிள்ளைதான் வகுப்பறையிலும் அதைச் சொல்லும். சொல்லியும் நடக்காதபோது, நம்மிடம் வந்து சொல்லும்.